ஓடும் நிரலின் நினைவகம் வீங்கினால்...

கேள்வி: எங்கள் கடையின் கணக்கு நிரல் பைத்தானில் எழுதியது, லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. மாலைக்குள் நினைவகம் நிரம்பி ஊர்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உடனே நிறுத்திவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ (top) கட்டளையில் ‘ரெஸ்’ (RES) பத்தியை, அதாவது நிரல் ராமில் உண்மையில் பிடித்திருக்கும் அளவை, மணிக்கொரு முறை குறித்துவையுங்கள். பக்கத்திலுள்ள ‘விர்ட்’ (VIRT) எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அது நிரல் தனக்கென ஒதுக்கிவைத்த முகவரி வெளி, அத்தனையும் ராமில் இருப்பதில்லை. சிபியு நேரத்தை எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) தின்கிறது என்பதை, ஓடும் நிரலிலேயே இணைந்து ‘பை-ஸ்பை’ (py-spy) காட்டிவிடும். அருமையான கருவி! நினைவகத்துக்கு, பைத்தான் 3.4 முதல் கூடவே வரும் ‘ட்ரேஸ்மாலாக்’ (tracemalloc); எந்த வரி எவ்வளவு நினைவகம் எடுத்தது என்று பதிவுசெய்யும். இதை மட்டும் நிரல் தொடங்கும்போதே இயக்க வேண்டும். நாளைக் காலை செய்யுங்கள். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால், வளரும் வரியின் எண்ணே கிடைக்கும். நான் பார்த்தவரை, பெரும்பாலும் அங்கே சிக்குவது சேர்த்துக்கொண்டே போய் எதையும் நீக்காத ஒரு பட்டியல்தான்.