சொப்ரானோ வரிசையில் யார் யார்?

சேம்பர் கொயர் என்றால் பெரும்பாலும் 16 முதல் 30 பேர் வரை பாடும் சிறிய குழு. ஒரு குரல்பிரிவுக்கு நான்கு முதல் ஏழெட்டு பேர்தான். அதனால் ஒருவர் வழுக்கினாலும் காதில் விழும். மேல் வரியான சொப்ரானோவில் வழுக்கினால் கடைசி நாற்காலிக்கும் கேட்கும். இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றைத்தான் கேட்கின்றன: நான் படித்த சங்கீதம் வேறு, அது இங்கே உதவுமா, இடைஞ்சலா?

கே: 12 ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். 5 கட்டையில் பாடுவேன். எனக்கு சொப்ரானோ சரிப்படுமா, ஆல்ட்டோதான் (அதற்குக் கீழே உள்ள பெண்குரல் வரி) கதியா?

ப: கட்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். 5 கட்டையில் உங்கள் ஆதார ஷட்ஜம் நடு 'சி'க்குக் கீழே இருக்கும் 'ஜி'. மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை போனாலும் நீங்கள் தொடுவது அடுத்த ஸ்தாயியின் 'டி'. சொப்ரானோ வரி அதற்கு மேல் இன்னொரு பஞ்சம தூரம் ஏறி 'ஏ'யில், அதாவது 880 ஹெர்ட்ஸில், போய் நிற்கும். அங்கே நீங்கள் இதுவரை போனதில்லை, அவ்வளவுதான். அதனால் அங்கே உங்களுக்குக் குரல் இல்லை என்று ஆகிவிடாது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. மேல் ஸ்தாயியில் குரல் மெலிந்து தலைக்குள் ஒலிக்க ஆரம்பித்தால் 'கள்ளக்குரல்' என்று சொல்லித் திருத்தியிருப்பார்கள். சொப்ரானோவுக்கு மூலதனமே அந்தக் குரல்தான்! அதைத் தேட, மேல் 'டி'யில் 'ஊ' என்று மெல்லத் தொடங்கி ஐந்து ஸ்வரம் கீழே இறங்குங்கள். பிறகு அரைச் சுரம் உயர்த்தி மறுபடி இறங்குங்கள். எப்போதும் மேலிருந்து கீழே. கீழிருந்து நெஞ்சுக்குரலை இழுத்துக்கொண்டு ஏறினால் மேல் 'ஈ', 'எஃப்' பக்கம் உடையும், அல்லது கத்தலாக மாறும். ஒரு வேளைக்கு 10 நிமிடம் போதும். முடித்த பிறகு தொண்டை எரிந்தால் அழுத்திப் பாடியிருக்கிறீர்கள் என்று பொருள்.

சில மாதம் கழித்துப் பார்க்க வேண்டியது, எதுவரை எட்டுகிறது என்பதை அல்ல. மேல் 'சி'க்கும் மேல் 'எஃப்'புக்கும் நடுவே அரை மணி நேரம் பாடினால் களைக்கிறதா என்று பாருங்கள். களைக்காவிட்டால் நீங்கள் சொப்ரானோ.

இனி பழக்கங்கள். மேஜர் ஸ்கேல் உங்களுக்கு சங்கராபரணம்தான். ஆனால் மத்யமத்தை அசைக்காமல் பாடச் சொன்னால் தவித்துப்போவீர்கள். ஸ்வரத்தைக் கீழிருந்து எட்டிப் பிடிக்கும் வழக்கமும் இருக்கும். மற்ற மூவர் நேராக இறங்கும்போது ஒருவர் மட்டும் சறுக்கி வந்து சேர்ந்தால் அந்த ஆரம்பம் அழுக்காகக் கேட்கும். வர்ணத்தை விட்டுவிட்டு சரளி வரிசைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு நொடி மௌனம் விட்டு, அதன் உச்சந்தலையில் போய் இறங்குங்கள்.

இதைவிடக் கடினமானது ஆதார சுருதி நகர்வது. மேற்கத்திய இசையில் நாலு பாருக்கு (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கிரக பேதம் நடக்கும். நீங்கள் 'ஜி'யைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். கீழே 'சி' கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒலித்தால் அது பஞ்சமம். கார்ட் 'ஈ ஃபிளாட்' ஆக மாறிய கணமே அதே 'ஜி' காந்தாரம் ஆகிவிடும். மனசுக்குள் பழைய ஷட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் சுருதி உரசும். ஸ்கோரில், அதாவது எல்லாக் குரலும் எழுதப்பட்ட நொட்டேஷன் தாளில், அடிக்குரலான பேஸ் வரியையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் மருந்து.

சாகித்ய சுத்தத்தையும் மேல் 'எஃப்'புக்கு மேலே கொஞ்சம் தளர்த்த வேண்டும். 'ஈ' என்ற உயிரொலிக்கு வாய்க்குள் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ். நீங்கள் பாடும் ஸ்வரமோ 700, 800. பல்லைக் காட்டி 'ஈ' என்றே பிடிவாதம் பிடித்தால் கீச்சிடும். தாடையைத் தளர்த்தி 'எ' பக்கம் சாயுங்கள், சொல்லை மெய்யெழுத்து காப்பாற்றும்.

உங்களிடம் இருக்கும் வரம் தம்புரா பழக்கிய காது. அதன் அருமை அடுத்த பதிலில்.

கே: பியானோவில் உயர் நிலைத் தேர்வுகள் முடித்தவள். எந்த ஸ்கோரையும் பார்த்தவுடன் பாடுவேன். ஆனாலும் கொயர் மாஸ்டர் "உங்கள் மூன்றாம் சுரம் ஏறுகிறது" என்கிறார். பியானோவில் சரிபார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

ப: பியானோவில் சரிபார்ப்பதில்தான் சிக்கல். அரைச் சுரத்தை 100 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். பியானோவின் மேஜர் மூன்றாம் சுரம், தூய காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். எல்லா ஸ்கேலுக்கும் ஒரே கருவி பொது என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் அது. பக்கவாத்தியம் இல்லாத குழுவுக்கு அந்தச் சமரசம் தேவையில்லை. பேஸ் தூய 'சி'யில் நிற்கும்போது நீங்கள் பியானோவின் 'ஈ'யைப் பாடினால் கார்ட்டில் 'வாங் வாங்' என்று அலை எழும். நடு 'சி'க்கும் அதன் மேல் 'ஈ'க்கும் கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 10 அலை.

கீபோர்டில் ஆர்கன் ஒலியை வையுங்கள். பியானோ ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும், உதவாது. 'சி'யை மட்டும் அழுத்திக்கொண்டு 'ஈ'யை நீங்கள் பாடுங்கள். கீபோர்டின் 'ஈ'யைத் தொடவே கூடாது. அலை ஓயும் வரை மெல்ல இறக்குங்கள். ஓய்ந்த இடத்தில் உங்களுக்கு 'குறைகிறதே' என்று தோன்றும், அதுதான் இடம். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், கவலை வேண்டாம். பியானோ கூடவே வாசிக்கும் பாடலாக இருந்தால் மட்டும் பியானோவோடு போய்விடுங்கள்.

இன்னொன்று: பியானோவுக்கு மூச்சு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். பியானோக்காரர்கள் வரி முடிந்த பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார்கள். முதல் வாசிப்பிலேயே பென்சிலால் மூச்சுக்குறி போட்டுவிடுங்கள்.

கே: ஓபரா பாணியில் தனிப்பாடல் பயிற்சி பெற்றவள் நான். "குறை, குறை" என்றே சொல்கிறார்கள். வைப்ரேட்டோவை (நீண்ட ஸ்வரத்தில் சுருதி மேலும் கீழும் அசையும் அதிர்வை) நிறுத்தினால் 20 நிமிடத்தில் குரல் களைத்துப்போகிறது.

ப: நிறுத்தியதால் அல்ல, நெரித்து நிறுத்தியதால். நல்ல வைப்ரேட்டோ நொடிக்கு 5 முதல் 7 முறை அசையும். அதை நாக்கின் அடியை இறுக்கிப் பூட்டினால் அசைவு போகும், கூடவே சுருதியும் இறங்கும். குழுவுக்கு இடைஞ்சல் வேகம் அல்ல, அகலம். நால்வர் நாலு அகலத்தில் அசைந்தால் ஸ்வரத்தின் நடுப்புள்ளி எங்கே என்று தெரியாமல் போகும். மூச்சின் தாங்கலை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் பாதியாக்குங்கள், அகலம் தானாகவே சுருங்கும். பக்கத்தில் நிற்பவர் குரல் உங்கள் காதில் விழாவிட்டால் இன்னும் அதிகம்தான். ஓரத்தில், கை நீட்டும் தூரம் விட்டு நிற்கவும் கேளுங்கள்.

மூச்சையும் மாற்றிக் கற்க வேண்டும். வாக்கிய முடிவில் மூச்சு எடுப்பது தனிப்பாடகரின் ஒழுங்கு. நீண்ட வரியை அறுபடாமல் கொண்டுபோக, பக்கத்தவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. நீண்ட உயிரொலியின் நடுவில் சத்தமில்லாமல் கழன்று, சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கே: சிறு வயதிலிருந்தே கொயரில் சொப்ரானோ பாடுகிறேன். ஆனால் நொட்டேஷன் படிக்க வரவில்லை. ஆல்ட்டோக்கள் எங்களைக் கேலி செய்கிறார்கள்.

ப: கேலியில் நியாயம் உண்டு. மெட்டு பெரும்பாலும் மேல் வரிக்கே வருவதால் நீங்கள் காதால் பிடித்துவிடுகிறீர்கள், படிக்க அவசியமே வரவில்லை. பல குரல் பின்னும் பழைய இசையில் அந்தச் சலுகை கிடையாது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் 40 குரல் பாடலில் ஐந்தைந்து குரலாக எட்டுக் குழு. கடைசிக் குழுவில் இருந்தால், பாடுவதற்கு முன் நெடுநேரம் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும்.

தெரியாத பாடலில் தினம் எட்டு பார் எடுங்கள். முதலில் கைதட்டித் தாளம் மட்டும். பிறகு டோ-ரே-மி பெயர்களில் மெதுவாக. கடைசியில்தான் வார்த்தை. தப்பினால் நிற்காமல் அடுத்த பாரின் முதல் அடியில் ஏறிக்கொள்ளுங்கள். நின்று திருத்தும் பழக்கம்தான் ஒத்திகையில் காலை வாரும்.

கே: வயலின் வாசிப்பவர்கள் நல்ல சொப்ரானோ ஆவார்களா?

ப: காது கூர்மை, ஆவார்கள். ஷட்ஜத்துக்கு முந்தைய நிஷாதத்தை உயர்த்தி வாசிக்கும் பழக்கத்தை மட்டும் கார்ட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அந்த நிஷாதம் பெரும்பாலும் கீழே ஒலிக்கும் கார்ட்டின் காந்தாரம். புல்லாங்குழல்காரர்களுக்கு மூச்சு பலம்.

கே: இசைப் பட்டம் இல்லாமல் உயர்தரக் குழுவில் இடம் கிடைக்குமா?

ப: பழைய இசையில் பெரும் பெயர் பெற்ற சொப்ரானோ எம்மா கிர்க்பி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது கிரேக்க, லத்தீன் இலக்கியம். பிறகு பள்ளி ஆசிரியை. கொயர்களில் பாடிப் பாடித்தான் வளர்ந்தார். இங்கிலாந்துப் பேராலயங்களில் மேல் வரி நூற்றாண்டுக்கணக்கில் சிறுவர்களுக்கே உரியதாக இருந்தது. சால்ஸ்பரியில் சிறுமியருக்கென்று தனிக் குழு தொடங்கியது 1991இல்தான். சிறுவர்களுக்குத் தினசரி வழிபாட்டில் கிடைத்த வாசிப்புப் பயிற்சி பெண்களுக்கு மற்ற கொயர்களில்தான் கிடைத்தது. உங்களைக் கேட்பவர் சான்றிதழைப் பார்க்க மாட்டார், எட்டு பாரை நீட்டுவார்.

கே: புதிதாகக் குழு தொடங்குகிறேன். தேர்வில் என்ன கேட்பது? ஆறு சொப்ரானோக்களை முதல், இரண்டாம் வரியாக எப்படிப் பிரிப்பது?

ப: ஒருவருக்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து ஸ்வர வரிசையை மேல் 'ஏ' வரை, மிக மெல்லிய ஒலியில் பாடச் சொல்லுங்கள். உரக்க எல்லோரும் எட்டுவார்கள். மூன்று சுரக் கார்ட்டை வாசித்து நடுச் சுரத்தைப் பாடச் சொல்லுங்கள். தெரியாத எட்டு பார் கொடுங்கள். முடிவாக, ஏற்கெனவே எடுத்த இருவர் நடுவில் நிற்கவைத்து மூவரையும் ஒரே வரியைப் பாடச் சொல்லுங்கள். நான் அதிக மதிப்பெண் கொடுக்கச் சொல்வது இந்தக் கடைசிக்குத்தான்.

உயரம் எட்டுபவர் எல்லாம் முதல் வரி, மற்றவர் இரண்டாம் வரி என்று பிரிப்பது பரவலான தவறு. இசையமைப்பாளர் பாக்கின் பி மைனர் மாஸ் (வழிபாட்டு இசைப் படைப்பு) போல ஐந்து குரல் கோரஸ்களில் இரண்டாம் சொப்ரானோ உள்வரி, அங்கே மெட்டு கை கொடுக்காது. நன்றாகப் படிப்பவர் ஒருவரையாவது, பியானோக்காரர் கிடைத்தால் அவரையே, அங்கே போடுங்கள்.

ஒரு வரிக்கு மூவர் வைப்பது நல்லது. இருவர் என்றால் சிறு சுருதி வேறுபாடும் அப்பட்டமாகத் தெரியும், மூன்றாவது குரல் அதை மழுப்பிவிடும். டாலிஸ் ஸ்காலர்ஸ் குழு வரிக்கு இருவராகவே பாடிப் பெயர் வாங்கியிருக்கிறது, ஆனால் அவர்கள் தொழில்முறைப் பாடகர்கள். உங்கள் மூவரில் காது கூர்மையானவரை நடுவில் நிறுத்துங்கள். பலத்த குரலை ஓரத்தில் வையுங்கள், ஒருபோதும் நடுவில் வேண்டாம்.