எச்-இண்டெக்ஸ் 6-ஆ, 4-ஆ? விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேறொரு பணிக்கான விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் (நம் பேப்பர்களை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) கேட்கிறார்கள். கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் 6 இருக்கிறது, ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 4 தான். எதை எழுதுவது? மூன்று வருடம் மலையேறித் தயாரித்த தாவரப் பட்டியல் பேப்பரை இதுவரை ஒருவர்கூட மேற்கோள் காட்டவில்லை. அதை விட்டுவிடலாமா? பணம் கட்டினால் உலக விஞ்ஞானிகள் தரவரிசையில் சேர்ப்பதாக ஒரு மெயிலும் வந்திருக்கிறது. (என் பேப்பர்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.)

பதில்: இரண்டையும் எழுதுங்கள். எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். இடமும் தேதியும் இல்லாத எச்-இண்டெக்ஸை விவரம் தெரிந்த தேர்வாளர் யாரும் நம்ப மாட்டார். 6 என்று மட்டும் எழுதி, அவர் ஸ்கோப்பஸைத் திறந்து 4 என்று பார்த்தால், நீங்கள் எதையோ மறைத்ததாகத்தான் நினைப்பார்.

வித்தியாசம் எப்படி வருகிறது? ஸ்கோப்பஸ், தான் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எண்ணும். அதனால் அங்கே பெரும்பாலும் எண் கூடுதலாகத்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய கூகுள் பட்டியலில் ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள மேற்கோள் எண்ணிக்கையை இறங்குவரிசையில் வைத்துப் பார்த்தேன்: 31, 18, 12, 9, 7, 6, 6, 3, 1, 0. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது பேப்பருக்கு 6 மேற்கோள் இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 7 வேண்டும், 6 தான் இருக்கிறது. அங்கே நின்றுவிடும், ஆக 6: குறைந்தது 6 மேற்கோளாவது உள்ள பேப்பர்கள் 6. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு இவ்வளவுதான். உங்கள் 31 நாளைக்கு 300 ஆனாலும் இந்த 6 அசையாது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை இந்த எண்ணுக்கு அடையாளமே தெரியாது.

அப்புறம், அந்த நான்காவது பேப்பர், 9 மேற்கோள் உள்ளது. தலைப்பு கான்கிரீட்டின் வலிமை பற்றி! அது உங்களுடையதாக இருக்க வழியில்லை. நம் ஊரில் ஒரே இனிஷியலும் ஒரே பெயரும் உள்ளவர்கள் நூறு பேர் இருப்பார்கள், கூகுள் யாருடையதையோ உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டது. உடனே நீக்குங்கள். நீக்கினாலும் எண் 6 தான் வருகிறது, கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். வைத்திருந்து மாட்டிக்கொண்டால்தான் அவமானம்.

இனி உங்கள் தாவரப் பட்டியல் பேப்பரின் அந்தப் பூஜ்ஜியம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் துறைக்கு இந்த எண்கள் செய்யும் அநியாயம் இங்கேதான் இருக்கிறது. மாமரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மாஞ்சிஃபெரா இண்டிகா எல்.’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘எல்.’ அந்தப் பெயரை வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ். ஆனால் அந்தப் பெயரை அவர் வெளியிட்ட 1753-ஆம் ஆண்டு நூலைக் கட்டுரையின் கடைசியில் பட்டியலிடுகிறவர்கள் மிகவும் குறைவு. பட்டியலில் இல்லாததை எந்தக் கணினியும் எண்ணாது. உயிரினங்களை அடையாளம் கண்டு பெயரிட்டு வகைப்படுத்தும் வகைப்பாட்டியல் வேலை பயன்படுகிற விதமே இப்படித்தான். சென்னையில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-ல் வெளியிட்ட புரத வரைபடத்துக்கும் இதே கதி: பெயரைச் சொல்லி வரைபடத்தைப் போடுவார்கள், மூலக் கட்டுரையைக் குறிக்காமலே போய்விடுவார்கள்.

ஆகவே தாவரப் பட்டியல் பேப்பரை விடாதீர்கள். அதை வைத்து யாராவது வேலை செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வனத்துறை அறிக்கை, மூலிகைத் தோட்டம், இன்னொரு மாணவரின் ஆய்வேடு, எதுவாக இருந்தாலும் ஒரு வரியில் எழுதுங்கள்.

அதேபோல 31 மேற்கோள் வாங்கிய உங்கள் மூலிகை ரிவ்யூவையும் திறந்து பாருங்கள். அந்த 31 கட்டுரைகளில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வருகிறது? முன்னுரையில் ‘பலரும் ஆராய்ந்துள்ளனர்’ என்று பத்துப் பேரோடு சேர்த்துப் போட்டிருந்தால் அது வெறும் வணக்கம். உங்கள் முறையைப் பின்பற்றியிருந்தாலோ, உங்கள் முடிவோடு ஒப்பிட்டிருந்தாலோ அதுதான் நிஜமான மேற்கோள். மறுப்பதற்காகவும் மேற்கோள் காட்டுவார்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-ல் வந்து, 2010-ல் திரும்பப் பெறப்பட்ட வேக்ஃபீல்டின் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள் உண்டு. 31-ஐயும் படிக்க ஒரு சனிக்கிழமை போதும். நல்லதாக மூன்றை எடுத்து விண்ணப்பத்தில் சொல்லுங்கள்.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதில் வரும் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோளை, உங்கள் எண்ணாகக் காட்ட வேண்டாம். படிகவியல் ஜர்னல் ஒன்றில் ஷெல்ட்ரிக் 2008-ல் எழுதிய ஒரே கட்டுரையால் அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2-லிருந்து கிட்டத்தட்ட 50-க்குத் தாவியது. அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே இரவில் இருபத்தைந்து மடங்கு உயர்ந்துவிடவில்லை.

மெயிலுக்கு வருகிறேன். பதிலே போடாதீர்கள். ஃபிளெக்ஸ் பேனரில் பார்க்கும் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியல் வேறு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஐயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவிலிருந்து ஆறு அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது அது. அதற்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒரு பட்டியல் என்று இரண்டு உண்டு. பேனரில் எது என்று போட மாட்டார்கள்! அந்தப் பல்கலைக்கழகம் தருகிற விருதும் அல்ல அது. காசுக்கு மேற்கோள் ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அது எவ்வளவு சுலபம் என்று காட்ட 2024-ல் இரண்டு ஆய்வாளர்கள் லேரி என்ற பூனையின் பேரில் போலிப் பேப்பர்களை ஏற்றினார்கள். பூனையின் எச்-இண்டெக்ஸ் 11 வரை போனது. உங்களுடையதைவிட அதிகம், வருத்தப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. ஸ்கோப்பஸில் உங்கள் பெயரை இனிஷியல் முன்னால், பின்னால், அப்பா பெயரை விரித்து என்று மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள். இரண்டு கணக்குகளாகப் பிரிந்து கிடந்தால் 4 என்பதே குறைவான எண்ணாக இருக்கலாம். இணைக்கச் சொல்லி அங்கேயே கோரிக்கை அனுப்பலாம், இலவசம்தான். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் இல்லையென்றால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். திருத்தம் அன்றைக்கே ஏறாது, அதனால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.