தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடலாமா?

“முதல்முறையாக 2 அடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றி மறுநாளே மீன் விடலாம் என்கிறார் கடைக்காரர். ஒரு மாதம் பொறு என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நண்பர் பேச்சைக் கேளுங்கள். மறுநாளே மீன் விட்டு நான் பட்ட வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடி வீட்டில் தொட்டி வைத்து, அடுத்த நாள் காலையிலேயே எட்டு கப்பி மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் ஒரு மீன் மூலையில் ஒதுங்கி, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீரோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முழுத் தண்ணீரையும் மாற்றினேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கப் பிழிந்து கழுவினேன். பத்தாம் நாள் இரண்டு மீன்களே மிஞ்சின.

அவற்றைக் கொன்றது அம்மோனியா. மீன்கள் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றில் அது கரைந்து போய்விடும். ஐம்பது லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அதை உண்டு நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. அந்த நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரேட்டாக மாற்றுவது இன்னொரு வகை. நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை மீன் தாங்கும். இந்த இரு கூட்டமும் வேர்பிடிக்கும் வரை காத்திருப்பதைத்தான் உங்கள் நண்பர் சொல்கிறார்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் விவசாயியான என் அப்பா. “யூரியாவுக்கு ஏன் வேப்பெண்ணெய் பூசுகிறார்கள், தெரியுமா?” என்று கேட்டார். வயலில் போடும் யூரியா அம்மோனியாவாகிறது. அதை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிட்டால் தண்ணீரோடு கீழே இறங்கி வீணாகும். வேப்பெண்ணெய் அந்தப் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கிறது. 2015-இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வயலில் நாம் அடக்கிவைக்கப் பார்க்கும் அதே கூட்டத்தைத் தொட்டியில் சோறு போட்டு வளர்க்க வேண்டும். நீர் நிற்கும் நெல்வயலின் அடிச்சேற்றில் காற்று இல்லாததால் இவை அங்கே பெருகுவதில்லை என்றும் அப்பா சொன்னார். தொட்டியில் காற்றுக்குமிழி ஏன் இரவு பகலாக ஓட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை மீனே இல்லாமல் தொடங்கினேன். நகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினேன். கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்து இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. அடியில் நன்றாக அலசிய ஆற்றுமணல். கடலோர மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கும். சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம், அது தண்ணீரின் கடினத்தை ஏற்றிவிடும். பஞ்சு வடிகட்டி ஒன்றும் அதற்கான காற்றுப் பம்பும் போதும். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை.

பிறகு தினமும் ஒரு சிட்டிகை மீன்தீவனம் போட்டு அழுகவிட்டேன். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்றை அவசியம் வாங்குங்கள், கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. சிறு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால், என் பெட்டியில், அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. ஒன்பதாம் நாள் நல்ல பச்சை. அது வெளிறத் தொடங்கியபோது நைட்ரைட் சோதனை நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போனது. அந்த ஊதா இரண்டு வாரத்துக்கு மேல் அசையவே இல்லை. பலரும் பொறுமையிழந்து மீனை விடுவது இந்தக் கட்டத்தில்தான். முப்பத்தோராம் நாள் காலையில் ஒன்று மஞ்சள், மற்றது வானநீலம். தொடர்ந்து இரண்டு நாள் அப்படியே இருந்ததைப் பார்த்த பிறகே மீன் வாங்கப் போனேன்.

நாள் குறைய வேண்டுமா? நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் பயன்படுத்திய பஞ்சைக் கேட்டு வாங்குங்கள். பாக்டீரியாக்கள் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. பழைய தண்ணீரைக் கொண்டுவருவதால் பெரிய பயனில்லை. வாய்க்கால் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, வயலில் தெளித்த பூச்சிமருந்து அதில் இருக்கலாம். அங்கிருந்து வேலம்பாசி என்ற நீர்ச்செடியை எடுத்துவந்தால் பலமுறை அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பிறகு நடுங்கள்.

ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவையும் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியவிடும் ரகம். என் முதல் கப்பிகள் அதில்தான் மாட்டிக்கொண்டன.

முதலில் மூன்று மீன் விடுங்கள். இரண்டு வாரம் அம்மோனியா, நைட்ரைட் அளவுகள் பூஜ்யத்திலேயே நின்றால் இன்னும் மூன்று. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். நைட்ரேட் கலந்த அந்தத் தண்ணீரை எங்கள் வீட்டு மல்லிகைக்கு ஊற்றுகிறோம். பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் மெல்லப் பிழியுங்கள்.

பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.