முதலில் அட்டையின் முதுகைப் பாருங்கள்

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வேலையிடத்தில் வயதானவர் ஒருவர் வீரர்களின் படம் போட்ட பழைய பேஸ்போல் அட்டைகளைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டார், இதற்கு ஆயிரக்கணக்கில் காசு வேண்டுமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். நான் 1991இல் வந்தவன். எனக்கும் இந்தப் பைத்தியம் வேலையிடத்தில்தான் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

செய்தியில் அடிபடும் அட்டைகளை மறந்துவிடுங்கள். அமெரிக்காவின் டொப்ஸ் கம்பனி 1952இல் அச்சிட்ட, மிக்கி மான்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டொலருக்கு ஏலம் போனது. அது நமக்கு இல்லை. அதேபோல, கராஜ் விற்பனையில் தொண்ணூறுகளின் அட்டைகளை ஐந்து டொலருக்குப் பெட்டியோடு தூக்கித் தருவார்களே, அதையும் தொடாதீர்கள். 1992, 1993 இரண்டு வருடமும் நம் ரொறன்ரோவின் ப்ளூ ஜேஸ் அணி பேஸ்போலின் பெரிய கிண்ணமான வேர்ல்ட் சீரிஸை வென்றது. பிள்ளைகள் வாங்கிக் குவித்தார்கள், கம்பனிகளும் அச்சடித்துத் தள்ளின. இன்றைக்கு அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது கனடாவிலேயே அச்சான பழைய செட்கள், அதாவது இலக்கமிட்டு வரிசையாக வந்த அட்டைத் தொகுதிகள். ஓ-பீ-சீ என்று ஒரு சுவிங்கம் கம்பனி இருந்தது, லண்டனில். இங்கிலாந்து லண்டன் இல்லை, 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வருகிற நம்முடைய ஒன்ராறியோ லண்டன். 1965 முதல் அமெரிக்க டொப்ஸ் கம்பனியின் அனுமதியோடு அதே படங்களை இங்கே அச்சிட்டு விற்றார்கள். எண்ணிக்கை டொப்ஸை விடக் குறைவு. எழுபதுகளில் பின்பக்கத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் ஏறியது. பிறகு, அச்சுக்குப் போகும் நேரத்தில் வீரர் அணி மாறிவிட்டால், பழைய அணிச் சட்டையோடு நிற்கும் படத்தின் மேலேயே ‘இப்போது எக்ஸ்போஸில்’ (அப்போதைய மொன்றியல் அணி) என்பதுபோல ஒரு வரி போட்டுவிடுவார்கள். எனக்கு அந்த ஒட்டுவேலைதான் மிகவும் பிடிக்கும்.

தொடங்குவதற்கு 1971 செட்டைச் சொல்லுவேன். மொத்தம் 752 அட்டை. முகப்பு டொப்ஸில் உள்ளது போலவே கறுப்புக் கரை. திருப்பினால் டொப்ஸ் பச்சை, ஓ-பீ-சீ மஞ்சள். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் ஒரு கட்டு வாங்கினேன். விற்றவர் ‘எல்லாம் கனடா அட்டை’ என்றார். வீட்டுக்கு வந்து மேசையில் கவிழ்த்துப் பரப்பினால் பாதிக்கு மேல் பச்சை! பிழை என்னுடையதும்தான். ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு ஏமாற்றும் உண்டு. கறுப்புக் கரை லேசாக உரசினாலே வெள்ளை தெரியும். அதைக் கறுப்பு மார்க்கரால் தடவி மறைப்பார்கள். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து, முகப்பை விட்டு விளிம்பைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் அட்டையின் உள்பக்கம் வெளிறித் தெரிய வேண்டும். மை ஊறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஓ-பீ-சீ அட்டைகள் வெட்டப்பட்டதே அப்படித்தான்.

தேய்ந்த சாதாரண அட்டைகள் ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைக்கும். செட்டின் கடைசிப் பகுதி, 644 முதல் உள்ள இலக்கங்கள், அரிது; அவற்றுக்குத்தான் பொறுமையும் காசும் வேண்டும்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் பார்க்ஹர்ஸ்ட் என்ற கம்பனியின் 1952 செட். நூறு சிறிய அட்டைகள், ரொறன்ரோ, மொன்றியல், ஒட்டாவா அணிகள். பின்னாளில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மனேஜராகப் புகழ்பெற்ற டொமி லசோர்டா அதில் மொன்றியல் அணிக்காரராக நிற்கிறார். அதற்கும் முன்னால் 1912இல் சிகரெட்டோடு வந்த 90 அட்டைச் செட் ஒன்று இருக்கிறது, சேகரிப்போர் அதை சீ-46 என்பார்கள். அந்தக் குறியீடு ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் சிரக்கியூஸில் இருந்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் தயாரித்த பட்டியலில் உள்ளது. மனிதர் தன் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். சீ-46இல் என்னிடம் இரண்டுதான். இரண்டிலும் மூலை உருண்டுவிட்டது, ஒன்றில் யாரோ பென்சிலால் கணக்கும் போட்டிருக்கிறார்கள்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். அந்த முதியவரிடம் இரட்டையாக இருக்கிறவற்றைக் கேட்டுப் பாருங்கள். சேகரிக்கிறவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு சந்தோஷம். ஒட்டும் பிளாஸ்டிக் உள்ள போட்டோ அல்பத்தில் மட்டும் வைக்க வேண்டாம், முதுகு உரிந்து வந்துவிடும். ஒன்பது பைகள் உள்ள பிளாஸ்டிக் தாள்கள் அட்டைக் கடைகளில் இருக்கும். 1971 செட்டில் எனக்கு இன்னும் 38 அட்டை கிடைக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் 644க்கு மேலே. மஞ்சள் முதுகோடு ஏதாவது கண்ணில் பட்டால் இலக்கத்தை எழுதுங்கள். மாற்றாகத் தர என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது.