காயம்பட்ட வீரரை டிராஃப்டில் எடுப்பது முட்டாள்தனமா?

"முழங்கால் போன பையனுக்காக இரண்டாம் சுற்று வாய்ப்பை வீணடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக, முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் அடித்துக்கொள்ளும் விஷயம் இது.

என்ன வகைக் காயம் என்பதில்தான் சூட்சுமம். தசைநார் கிழிந்தால் அறுவை செய்து, ஏறக்குறைய ஓராண்டில் பெரும்பாலோர் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நரம்பு அடிபட்டால் யாராலும் நாள் குறிக்க முடியாது. கல்லூரி ஆட்டக்காரராக இருந்த ஜெய்லன் ஸ்மித்துக்கு நடந்தது அதுதான். 2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் தசைநார்களோடு நரம்பும் சேதம். பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. முதல் சில இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவரை டல்லாஸ் கவ்பாய்ஸ் 34-ஆவது இடத்தில், அதாவது இரண்டாம் சுற்றில், எடுத்தது. அறுவை செய்தவர் அந்த அணியின் மருத்துவரே! துணிச்சல் வேறெங்கிருந்து வந்திருக்கும்?

அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. 2019-இல் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலிலேயே இடம்பிடித்தார். சரி, லாபம்தானே என்றால், 2021 சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே கழற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால், டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் அணிகள் நடத்தும் மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையைப் பார்க்காத நாமெல்லாம் டாக்டராவது வேடிக்கைதான். இருந்தாலும் சொல்கிறேன்: இரண்டாம் சுற்றில் அது நல்ல பேரம், முதல் சுற்றில் தொட்டிருக்கக் கூடாது.