மூன்று வருடமாகப் பதிலே இல்லை. பிரான்சில் என் சமூக வீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டதா?

கேள்வியின் சுருக்கம்: கேட்டவர் பாரிஸை ஒட்டிய சென்டெனியில் மனைவியோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் 21 சதுர மீட்டர் ஸ்டூடியோவில் இருக்கிறார். ஆஷ்எல்எம் எனப்படும் சமூக வீட்டுக்குப் பதிந்து வரும் ஏப்ரலில் மூன்று வருடம். ஒரு கடிதமும் வரவில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்கிறார்.

தம்பி, நிராகரிக்கவில்லை. உங்கள் விண்ணப்பத்தை ஒருவரும் இன்னும் கையில் எடுக்கவே இல்லை. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

நம்மவர்கள் இதைச் சங்கக்கடை வரிசையாக நினைத்துக்கொள்கிறார்கள். முன்னால் நிற்பவர் சாமானை வாங்கிக்கொண்டு போனால் நாம் ஓர் அடி நகரலாம் என்ற கணக்கு. இங்கே நடப்பது வேறு. ஏதாவது ஒரு தொடர்மாடியில் ஒரு வீடு காலியாகும். அந்த வீட்டுக்கு ஆளைச் சொல்லும் உரிமை ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். மேரிக்கு (நகரசபை) ஒரு பங்கு, அரசின் மாவட்ட அலுவலகமான பிரபெக்சருக்கு 30 சதவீதம் வரை, வேலைத்தலங்களின் நிதியான அக்சியோன் லொஜ்மோனுக்கு ஒரு பங்கு. யாருடைய பங்கில் அந்த வீடு விழுகிறதோ, அவர்கள் கணினியில் தேடி, குடும்ப அளவுக்கும் வருமானத்துக்கும் பொருந்துகிற கோப்புகளை எடுத்து, வீட்டை யாருக்குக் கொடுப்பதென்று தீர்மானிக்கும் குழுவான கொமிசனுக்கு அனுப்புவார்கள். பொதுவாக ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று கோப்பு. முடிவு என்ற சொல்லுக்கு வேலை வருவது அந்தக் கொமிசனில்தான். அதுவரை உங்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எவருக்கும் காரணம் இல்லை. 2024இல் நாடு முழுவதும் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பதிந்துவிட்டு இருந்தன. அதனால் எவ்வளவு காலம் என்று கேட்பதை விட, என் கோப்பை எடுக்கக்கூடியவர் யார், எடுத்தால் அது முழுமையாக இருக்குமா என்று கேளுங்கள்.

முதலில் கோப்பு உயிரோடு இருக்க வேண்டும். பதிந்த தேதியிலிருந்து ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் உங்கள் பதிவு இலக்கம் நீக்கப்பட்டுவிடும், சேர்த்த வருடங்களும் போய்விடும். தேதி முடிய ஒரு மாதத்துக்கு முன் நினைவூட்டல் வரும் என்பது சரிதான். ஆனால் நம்மவர்கள் வாழும் கட்டடங்களின் தபால் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெட்டியில் நாலைந்து குடும்பப் பெயர், ஒன்று அச்சடித்தது, மற்றவை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியவை. மழைக்காலத்தில் மை கரைந்து பாதிப் பெயர்தான் மிஞ்சும். எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய முகவரியில் மச்சானின் பெட்டியை நம்பி இருந்தார். வீட்டு நிறுவனம் கேட்ட பத்திரத்துக்கான கடிதம் அங்கே விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போனது. கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் இல்லையென்றால், அதுவும் இலக்கத்தை நீக்கச் சட்டப்படி போதுமான காரணம். மின்னஞ்சல், கைபேசி, முகவரி மூன்றையும் இன்றைக்கே அரசின் தளத்தில் சரிபாருங்கள்.

அப்புறம் பத்திரங்கள். அவர்கள் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தின் வரித்தாள். இடையில் வருமானம் 10 சதவீதமாவது குறைந்திருந்தால் அண்மைய 12 மாத வருமானத்தைக் காட்டலாம். விசா காட் (வதிவிட அனுமதி அட்டை) முடியப்போகிறதென்றால் புதுப்பிக்கக் கொடுத்ததற்கான தற்காலிகப் பத்திரமான ரிசிப்பிசேயைப் பதிவேற்றுங்கள், மனைவியுடையதையும் சேர்த்து. பிள்ளை பிறந்ததைக் கோப்பில் சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் கணினிக்கு நீங்கள் இன்னும் இரண்டு பேர்தான்.

சம்பளச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரெஸ்டோரன் வேலையில் முழுநாளும் நின்றுவிட்டுச் சீட்டில் பாதி நேரம் மட்டும் காட்டப்படுவது ஊரறிந்த கதை. வருமானம் குறைவாக இருந்தால் வீடு சீக்கிரம் கிடைக்கும் என்று அதை ஆறுதலாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். உச்சவரம்பு இருப்பது உண்மை. ஆனால் கொமிசன் மறுபக்கமும் பார்க்கிறது: வாடகை போக இந்தக் குடும்பத்திடம் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும்? காகிதத்தில் இல்லாத பணம் அந்தக் கணக்கில் ஒரு சதம்கூடச் சேராது. புதுக் கட்டடங்களின் வாடகைக்கு முன்னால் பாதி நேரச் சீட்டு தாங்காது.

எங்களுக்கு வீடு கிடைத்தது மேரி வழியாக அல்ல. ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்பேன், அவரும் திரையைப் பார்த்து, கோப்பு சரியாக இருக்கிறது மிஸ்யூ, காத்திருங்கள் என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. துப்புரவு வேலையில் கூட இருந்த ஓர் ஆபிரிக்க நண்பர்தான் நம் கொம்பனி பெரியது, வேலைத்தல வழியில் ஏன் கேட்கவில்லை என்றார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் அக்சியோன் லொஜ்மோனுக்குப் பணம் கட்டுகின்றன. அந்தப் பங்கு வீடுகளுக்கு அவர்களுடைய 'அலின்' தளத்தில் உங்கள் அதே இலக்கத்தை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். மனைவி வேலை செய்தால் அவருடைய நிறுவனத்தையும் பாருங்கள். முதல் தடவை கொமிசன் வரை போனோம். வந்த கடிதத்தில் எங்களுக்கு மூன்றாம் இடம். முதல் இருவரும் வேண்டாம் என்றால்தான் எங்களுக்கு. அவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? ஆனாலும் அன்றிரவு மனைவியும் நானும் அந்தத் தெருவைக் கூகிள் வரைபடத்தில் பார்த்து, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தோம். பிறகு வேறொரு வீட்டில் முதலிடம் வந்தது. மூன்றாம் இடம் என்றால் உங்கள் கோப்பு கொமிசனுக்குப் போகும் தரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், மனம் விட வேண்டாம்.

இனி உங்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது: டலோ, அதாவது வீட்டை உரிமையாகக் கேட்கச் சட்டம் தரும் வழி. 2006 கடைசியில் கனால் சென்மார்த்தன் கரையில் வீடற்றவர்களுக்காகக் கூடாரங்கள் வரிசையாகப் போடப்பட்டன, பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் இருந்து நடந்து போகும் தூரம்தான். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 2007 மார்ச் 5ஆம் தேதி வந்த சட்டம், வீடு கேட்கும் உரிமையை நீதிமன்றம் வரை கொண்டுபோக விடுகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் குடும்பம் நெருக்கடியான இடத்தில் வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம். கணக்கு இப்படி: இரண்டு பேருக்கு 16 சதுர மீட்டர், அதற்குமேல் ஆளுக்கு 9. மூன்று பேருக்கு 25 வர வேண்டும். உங்களிடம் 21. அது போக, சென்டெனி இருக்கும் 93ஆம் மாவட்டத்தில் மூன்று வருடம் தாண்டிய காத்திருப்பே அளவுக்கு மீறிய காத்திருப்பாகக் கணிக்கப்படுகிறது. பாரிஸ் நகருக்குள் என்றால் இதே காரணத்துக்கு இரண்டு மூன்று அறை வீடு கேட்பவர் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும்.

டலோ அங்கீகாரம் கிடைத்ததும் சாவி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாரிஸும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல்தபிரான்சில், பிரபெக்சரின் தலைவரான பிரபெக்டுக்கு ஆறு மாதத் தவணை. அதற்குள் வீடு காட்டாவிட்டால் அடுத்த நான்கு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றம் போகலாம். நீதிபதி தினசரி அபராதமும் விதிக்கலாம், ஆனால் அந்தப் பணம் அரசு நிதி ஒன்றுக்குப் போகும், உங்களுக்கு அல்ல. (இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.) எங்கள் பக்கம் டலோ கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் நிறையப் பேர். இருந்தாலும் போடுங்கள், பிரபெக்சர் பங்கில் உங்கள் கோப்பு முன்னுக்கு வரும். ஒன்று மட்டும் கவனம்: அந்த வழியில் காட்டும் வீட்டைத் தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் முன்னுரிமை போய்விடும். ஐந்தாம் மாடி, லிப்ட் பழுது, சுற்றாடல் பிடிக்கவில்லை என்பதெல்லாம் எடுபடுவது கடினம்.

லாச்சப்பல் பக்கம் யாராவது 'உள்ளே ஆள் இருக்கிறது, கொஞ்சம் காசு கொடுத்தால் சீக்கிரம் எடுத்துத் தரலாம்' என்று சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். பதிவுக்கும் சரி, டலோவுக்கும் சரி, கட்டணம் கிடையாது. படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் உங்கள் மேரியின் சமூக உதவியாளரிடம் நாள் எடுங்கள். அவரும் இலவசம்தான்.

ஒருநாள் கொமிசன் உங்களை முதலிடத்தில் போட்டுக் கடிதம் அனுப்பினால் பதில் சொல்லக் குறைந்தது பத்து நாள் தருவார்கள். அதற்குள் பதில் போகாவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு ஏப்ரலில் தேதி முடிகிறது, மார்ச் முதல் வாரத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். டலோ படிவத்தைப் பிள்ளை இருப்பதையும் 21 சதுர மீட்டர் என்பதையும் காட்டி இப்போதே போடலாம், மூன்று வருடம் முடியும் வரை பார்த்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் பரப்பளவு எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், அந்தப் பிரதி கட்டாயம் தேவைப்படும்.