வெலிங்டன் காற்றில் தொப்பி நிற்குமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஜனவரியில் குடும்பத்தோடு நியூசிலாந்துக்கு, எங்கள் வெலிங்டனுக்கு வருகிறீர்கள், சந்தோஷம். வாடகை எவ்வளவு, எந்த ஏரியா நல்லது, பழைய கார் வாங்கலாமா, பிரஷர் குக்கர் கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டீர்கள் பாருங்கள், 'மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தொப்பி கட்டாயமாம், அங்கே காற்று பயங்கரமாமே, தொப்பி தலையில் நிற்குமா' என்று, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இதை இங்கே வருகிற யாரும் கேட்பதில்லை, வந்து இரண்டு தொப்பி தொலைத்த பிறகுதான் கேட்பார்கள்.

நான் ஆரல்வாய்மொழிக்காரன். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பழமொழி சொல்வார்கள், எங்களுக்கு அது வானிலை அறிக்கை. அப்படிப்பட்ட எனக்கே இந்த ஊர் வேலையைக் காட்டியது. வந்த புதிதில் தி டெரஸ் தெருவில் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். ஊட்டியில் வாங்கிய, விளிம்பு அகலமான நல்ல தொப்பி ஒன்று தலையில். லாம்ப்டன் கீ தெருவில் ஒரு கட்டடத்தின் மூலை திரும்பினேன், அவ்வளவுதான், தொப்பி பஸ்ஸுக்கு அடியில். கையில் இருந்த சான்றிதழ் ஃபைலைக் காப்பாற்றுவதா தொப்பியைத் துரத்துவதா என்று யோசிக்கவே நேரமில்லை. தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க, கண்ணில் தூசியோடு உள்ளே போனால், எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் அதே கோலம்தான். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. அந்த நேர்முகம் நடத்திய விதத்தைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, விடுங்கள்.

காற்று எதனால் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வெலிங்டன் தெற்கே 41 பாகையில் இருக்கிறது. இந்த அட்சரேகையில் மேற்கிலிருந்து வருகிற காற்றை மறிக்க வழியில் நிலம் அதிகம் கிடையாது, எல்லாம் கடல். அந்தக் காற்று நியூசிலாந்தின் மலைகளில் முட்டி, வழி தேடி, வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவே இருக்கிற குக் நீரிணை என்ற சந்துக்குள் நுழைந்து வேகம் பிடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை விட்ட இடைவெளியில் எங்கள் ஊருக்குள் காற்று பாய்கிறதே, அதே கதைதான், என்ன, இங்கே வருஷம் முழுக்க ஆடி மாதம். பெரும்பாலும் வடக்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும், இதை நார்தர்லி என்பார்கள். திடீரென்று திரும்பித் தெற்கிலிருந்து வந்தால் அது சதர்லி, அண்டார்டிகா பக்கத்துக் குளிர் அதில் இருக்கும், சில நிமிஷத்தில் சட்டையோடு நின்றவன் நடுங்க ஆரம்பிப்பான். 1968 ஏப்ரல் 10ஆம் தேதி வாஹினே என்ற பயணிகள் கப்பல் துறைமுக வாயிலிலேயே மூழ்கி அன்றைக்கு மட்டும் 51 பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு புயலில்தான். இங்குள்ளவர்கள் காற்றை வைத்து நிறைய ஜோக் அடிப்பார்கள், மிராமார் குன்றின் மேல் வெலிங்டன் என்ற ஆங்கிலப் பெயரின் கடைசி எழுத்துகள் பறந்துபோகிற மாதிரியே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள், ஆனால் சதர்லி என்றால் மரியாதையாகத்தான் இருப்பார்கள். நீங்களும் காலையில் மெட்சர்வீஸ் முன்னறிவிப்பில் மழையைப் பார்க்கிறதுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்.

இப்போது தொப்பிக்கு வருகிறேன். நம் ஆட்களில் ஒரு வகை உண்டு, 'நம்ம கலருக்கு வெயில் என்ன செய்யும், தொப்பியே வேண்டாம்' என்று சொல்கிறவர்கள். காரில் ஏறி, மாலில் இறங்கி, மறுபடி காரில் ஏறுகிறவர்கள்தான் இதைச் சொல்வார்கள், பேச்சைக் கேட்காதீர்கள். சென்னையில் வெயில் அடித்தால் உடம்பே நிழலுக்கு ஓடும். இங்கே கோடையே ஜனவரியில்தான், அப்போதும் 20 டிகிரிதான் இருக்கும், காற்று சிலுசிலுவென்று அடிக்கும், சுடவே சுடாது, ஆனால் புற ஊதாக் கதிர் ஊரில் இருப்பதைப் போலக் கடுமையாகவே இருக்கும். மூன்று மணி நேரம் கடற்கரையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் காது மடல் உரியும், நம் கறுப்புக் காதுதான். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உலகிலேயே அதிகம் இருப்பது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் என்பது உண்மை, அதற்காக நமக்கு விதிவிலக்கு எழுதித் தரவில்லை யாரும். பள்ளிக்கூடத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம், கோடைப் பருவங்களில் தொப்பி இல்லையென்றால் நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

மகளுக்கு முதலில் பள்ளியிலேயே கேளுங்கள், பல பள்ளிகள் தங்கள் முத்திரை போட்ட தொப்பியை அலுவலகத்திலேயே விற்கும். தேர்ந்தெடுக்க விட்டால், கழுத்துக்குப் பின்னால் துணி தொங்குமே, லீஜனேர் தொப்பி என்பார்கள், அதை வாங்குங்கள். சுற்றி விளிம்பு இல்லாததால் காற்றுக்குப் பிடி கிடையாது, காதும் கழுத்தும் மூடியிருக்கும். சாதாரண கிரிக்கெட் கேப்பைப் பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளாது, காது கழுத்து மூடாது என்று. தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறு இருந்தால் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள், இழுத்தால் தானே விட்டுப்போகிற கொக்கி இருக்க வேண்டும். சறுக்குமரம், ஏணி என்று ஏறி இறங்குகிற பிள்ளை, கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். தொப்பி போனால் போகட்டும். இன்னொன்றும் வந்த அன்றைக்கே சொல்லி வையுங்கள், தொப்பி பறந்தால் ரோட்டுக்குள் ஓடக்கூடாது. நாம் பெரியவர்களே அனிச்சையாக ஓடுவோம், பிள்ளை ஓடாதா? உள்ளே பெயரும் உங்கள் ஃபோன் நம்பரும் எழுதிவிடுங்கள், எங்கள் வீட்டுத் தொப்பிகள் பல தடவை அப்படித் திரும்பி வந்திருக்கின்றன, வேலியில் மாட்டி வைத்துவிட்டுப் போவார்கள், அந்த விஷயத்தில் இந்த ஊர் மக்கள் தங்கம்.

பெரியவர்களுக்கு அளவுதான் முதல் விஷயம். 'எல்லாருக்கும் ஒரே சைஸ்' என்று விற்பது யாருக்கும் நிற்காது. தையல் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். கொஞ்சம் தளர்வாக இருந்தால் உள்பட்டைக்குள் மெல்லிய ஃபோம் துண்டு வைக்கலாம், கிடைக்காவிட்டால் பேப்பரை மடித்து வைத்தாலும் போதும். துணியையும் பாருங்கள், வழவழ பாலியெஸ்டர் வழுக்கும், பருத்தியும் கம்பளியும் பிடிக்கும். என்னைப் போல முடி போன தலைக்கு இது இன்னும் முக்கியம். அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொப்பி போட்டு, நிற்கவில்லை என்று காற்றைத் திட்டாதீர்கள்.

அகல விளிம்புத் தொப்பி தலையில் கட்டிய பாய்மரம். முன் விளிம்புக்கு அடியில் காற்று நுழைந்த அந்த நொடியில்தான் தூக்கும், ஆகவே முன்பக்கத்தைப் புருவம் வரை இறக்கிப் போட்டு, எதிர்காற்றில் தலையைக் கொஞ்சம் குனிந்து நடங்கள். இங்கே பிறந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் நடப்பார்கள், முதலில் பார்க்கும்போது ஊரே ஏதோ கவலையில் இருக்கிறது என்று நினைத்தேன். கட்டட மூலை வருகிறது என்றால் திரும்புவதற்கு முன்பே கை தொப்பிக்குப் போய்விட வேண்டும், திரும்பிய பிறகு போனால் வெறும் தலையைத்தான் பிடிப்பீர்கள். லாம்ப்டன் கீ, வில்லிஸ் ஸ்ட்ரீட், டெ பாப்பா அருங்காட்சியகம் இருக்கிற கடலோரம், இந்த மூன்று இடத்திலும் நான் இன்றைக்கும் கையை இறக்குவதில்லை. அந்தக் கடலோரத்தில் காற்றில் சாய்ந்து நிற்கிற ஒரு மனிதனின் சிலை இருக்கிறது, அவனுக்குத் தொப்பி என்ன, துணியே கிடையாது, ஒருவகையில் புத்திசாலி.

கயிறு உள்ள தொப்பியைத் தாடைக்குக் கீழே இறுக்கினால் பேசும்போதெல்லாம் உறுத்தும். அதே கயிற்றைப் பின்னால் கொண்டுபோய் பின்மண்டை மேட்டுக்குக் கீழே விட்டு இழுத்துப் பாருங்கள், மிதமான காற்றுக்கு அதுவே தாங்கும், முகமும் சுதந்திரமாக இருக்கும். பலத்த காற்றுக்குத் தாடைதான். மீன்பிடிக்கிறவர்களும் படகோட்டிகளும் வேறொன்று செய்வார்கள், ஒரு சின்னக் கயிறு, இரண்டு முனையிலும் கிளிப், ஒன்று தொப்பியில், ஒன்று சட்டைக் காலரில். தொப்பி பறக்கும், ஆனால் போகாது. ஃபெரி மேல்தளத்தில் நிற்கிறதென்றால் அது இல்லாமல் நிற்காதீர்கள். தங்கச்சிக்குச் சொல்லுங்கள், நீளமான பின்னல் இருந்தால் கேப்பின் பின் ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிட்டால் போதும், அதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையிலும் கிடையாது. நியூலேண்ட்ஸ் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குச் சேலை கட்டிக்கொண்டு வருகிற நாளில் தொப்பியை மறந்துவிடச் சொல்லுங்கள், மேட்டுப் பகுதி, முந்தானைக்கே இரண்டு கை வேண்டும், வாசலில் இறங்கினால் நெற்றித் திருநீறுகூடச் சந்தேகம்தான்.

சதர்லி அடிக்கிற நாளில் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், காதை மூடுகிற கம்பளிக் குல்லா ஒன்றுதான் வழி, அதன் மேல் ஜாக்கெட்டின் தலைமூடியைக் கட்டிக்கொள்ளுங்கள். அதற்காக ஊரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து கம்பளி வாங்கி பெட்டியை நிரப்ப வேண்டாம், 'தி.நகரில் வாங்கிக்கொண்டு வா' என்று சொல்கிறவர்கள் எல்லாம் இங்கே மெரினோ கம்பளி கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு சொல்கிறார்கள், எனக்குப் புரிவதே இல்லை. கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று, மங்கி குல்லா. சிரிக்காதீர்கள். எந்தக் காற்றிலும் நகராத தொப்பி உலகத்தில் அது ஒன்றுதான். வந்த புதிதில் நான் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், நம் ஊர்க்காரர் ஒருவர் தெரியாதவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். மானம் போகிறதாம். அவர் அப்புறம் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரிஸ்பேன் போய்விட்டார், அங்கிருந்து வெக்கை தாங்கவில்லை என்று எழுதுகிறார். நான் இங்கேதான் இருக்கிறேன், அதே குல்லாவோடு.

குடை வேண்டாம். சதர்லி போன மறுநாள் ஊர்க் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் காரணம் தெரியும்.

மற்ற கேள்விகளுக்கு ஒரு வார்த்தை. நியூலேண்ட்ஸ், ஜான்சன்வில் பக்கம் பாருங்கள், கோயில் கிட்டே, காற்றும் கிட்டே. வாடகை நான் சொல்கிற கணக்கெல்லாம் பழசு. கார் எது வாங்கினாலும் சரி, காற்றில் கதவைத் திறக்கும்போது மட்டும் கையை விடாதீர்கள், கீல் வளைந்தால் செலவு அதிகம். குக்கர் கொண்டுவாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக.